‘பொம்பளப் பிள்ளைக்கு அதான் தோது’

வாசுதேவநல்லூர், புளியங்குடி, சிவகிரிப் பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் இருக்கும் வீடுகளில் மே மாதம் தவறாமல் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “டீச்சருக்குப் படிட்டி, பொம்பளப் பிள்ளைக்கு அதான் தோது.” சொல்பவர் பெரும்பாலும் அன்போடுதான் சொல்கிறார். வயலிலும் எலுமிச்சைத் தோட்டத்திலும் கூலிக்குப் போன அம்மாவும், பீடித் தட்டை மடியில் வைத்து முதுகு வளைந்த ஆச்சியும், மகளாவது நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்று நினைப்பதில் குற்றம் இல்லை. ஆனால் ‘தோது’ என்ற சொல்லை அப்படியே விட்டுவிட முடியாது. கதையையும் சினிமாவையும் விமர்சிக்கிறோம். நம் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் வாக்கியங்களை விமர்சிக்காமலேயே கடந்துவிடுகிறோம்.

யாருக்குத் தோது? காரணங்களை அடுக்கிப் பார்ப்போம். சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். பிள்ளைகளுக்கு லீவு என்றால் அவளுக்கும் லீவு. காலையில் சமைத்துவிட்டுப் போகலாம். கல்யாணச் சந்தையில் மதிப்பு கூடும். இதில் ஒன்றுகூட வகுப்பறையைப் பற்றியது இல்லை. சமையலறைக்கு இடைஞ்சல் இல்லாத வேலை என்பதுதான் இந்தப் பட்டியலின் சுருக்கம். பெண்ணின் நேரம் முதலில் குடும்பத்துக்குச் சொந்தம், மிச்சம் இருப்பதைச் சம்பளத்துக்கு விற்கலாம் என்ற கணக்கு அது.

கேட்டால் இன்னொரு காரணம் வரும்: சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெண்ணின் இயல்பு. வரலாறு இதற்கு ஒத்துவரவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகளை மணலில் எழுத வைத்தவர் ஆண் வாத்தியார். அப்போது தாய்மை தேவைப்படவில்லை. பிரம்பு போதுமாக இருந்தது. நம் பக்கத்துப் பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டிலேயே மிஷனரிகள் சாராள் தக்கர் பெயரில் பெண்களை ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார்கள். சென்னையில் சகோதரி சுப்பலட்சுமி 1912இல் இளம் விதவைகளுக்கு விடுதி தொடங்கினார். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது. அந்த விடுதி பிராமண விதவைகளுக்கானது என்ற சாதி எல்லையையும் மறக்கக் கூடாது.

இங்கே ஒரு திருப்பத்தைக் கவனிக்கலாம். குடும்பம் கைவிட்ட பெண் சொந்தக் காலில் நிற்க அன்று ஆசிரியப் பயிற்சி வழியாக இருந்தது. இன்று அதே பயிற்சி, பெண்ணைக் குடும்பத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கும் வழியாகப் பரிந்துரைக்கப்படுகிறது. நூறு வருஷத்தில் பெண்ணின் இயல்பு மாறிவிடவில்லை. அவளிடமிருந்து எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது.

சட்டமும் ‘இயல்பு’ வாதத்தை ஏற்கவில்லை. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை கற்பிக்க, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்க வேண்டும். நாம் இன்னும் டி.டி.எட். என்றே சொல்லிக்கொண்டிருக்கும் படிப்பு அது. பி.எட். முடித்தவர்கள்கூட இந்த வகுப்புகளுக்குத் தகுதியானவர்கள் அல்லர் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தை அறிமுகம் செய்வது தனித் திறன், அதைப் பயின்றுதான் பெற வேண்டும் என்பதே அதன் பொருள்.

திறன் என்று ஒப்புக்கொண்டபின் அதற்கு உரிய கூலி கிடைத்ததா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து தகுதித் தேர்வு வந்தது. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள்; நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. தேறியவர்களுக்கும் வேலை உறுதியில்லை. 2018இல் வந்த அரசாணை, தகுதித் தேர்வுக்குப் பின் நியமனத்துக்குத் தனியாக இன்னொரு போட்டித் தேர்வு என்றது. இடைநிலை ஆசிரியர்களுக்கு அந்தத் தேர்வு நடந்தது 2024 ஜூலையில். 2013இல் இருபது வயதில் தகுதித் தேர்வில் தேறிய பெண்ணுக்கு அப்போது முப்பத்தொன்று. இடையில் கல்யாணம், இரண்டு பிரசவம், மாமியாரின் மருந்துச் சீட்டு. இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு உளவியல் கேள்வித்தாளைத் திறப்பவளும், காலை முதல் பயிற்சி மையத்தில் உட்கார்ந்திருப்பவனும் எழுதுவது ஒரே தேர்வுதான். ஆனால் படிக்கக் கிடைத்த நேரம் ஒன்றல்ல.

காத்திருக்கும் அந்த வருஷங்களில் அவள் சும்மா இருப்பதில்லை. தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் போகிறாள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் நிர்வாகங்களும் உண்டு. கொரோனாவுக்குப் பின் 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தபோது தெருத் திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய். அதன் பெயர் சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. அவர்களின் பெயரும் ஆசிரியர் அல்ல, தன்னார்வலர். பெண்ணின் உழைப்பைச் சேவை என்று அழைத்தவுடன் அதன் விலை எப்படி இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. பிள்ளைகள் பயன்பெற்றார்கள், மெய்தான். யார் செலவில் என்று கேட்பதும் நியாயம்தான்.

அரசு வேலை கிடைத்தாலும் கதை முடிவதில்லை. 2009 மே 31க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே பள்ளி, ஒரே கரும்பலகை. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ கேட்டு 2018, 2022, 2023 என்று சென்னையில் திரும்பத் திரும்பப் போராடினார்கள். கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்த ஆசிரியைகளும் அங்கே இருந்தார்கள். ஆண்களும் பாதிக்கப்பட்ட பிரச்சினைதான் இது. ஆனால் பெண்கள் நிறைந்த ஒரு தொழிலின் கூலியைக் குறைப்பது சமூகத்துக்கு அதிர்ச்சியாக இல்லை. ‘பொம்பளைக்கு இது போதாதா?’ என்ற கேள்வி ‘தோது’ என்ற சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

இப்போது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2030க்குள் ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டம் என்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குப் பட்டப்படிப்பு வேண்டும் என்பதை நாம் எதிர்க்க வேண்டியதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகம் 1994இலேயே தொடக்கக் கல்விக்கென்று நான்காண்டுப் பட்டம் தொடங்கி, பெண்கள் கல்லூரிகளில் நடத்தியது. குழந்தையைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் ஆழமாகப் படிக்கப் பெண்ணுக்கு நான்கு வருஷம் கிடைப்பது நல்லதுதான். கேள்வி வேறு. நெல்லைச் சீமையின் அரசு ஆசிரியர் பயிற்சி நிறுவனமே நாங்குநேரிப் பக்கம் முனைஞ்சிப்பட்டியில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர்ப் பெண் இரண்டு வருஷப் படிப்புக்கே பஸ், விடுதி, அப்பாவின் சம்மதம் என்று மூன்று சுவர் ஏறுகிறாள். அருகில் அரசுக் கல்லூரியும் விடுதியும் உதவித்தொகையும் இல்லாமல் படிப்பை மட்டும் நான்கு வருஷமாக்கினால், தரம் உயருவதற்கு முன் தலித் பெண்களும் முதல் தலைமுறைப் பெண்களும் வெளியே நிற்பார்கள்.

வாசுதேவநல்லூர்க் கோயிலில் சிவன் அர்த்தநாரீஸ்வரராக இருக்கிறார். பாதி உடம்பைப் பெண்ணுக்குக் கொடுத்த சாமியைக் கும்பிடும் ஊரில், வீட்டு வேலையில் பாதியை எடுத்துக்கொள்ள ஆண் தயாராக இருந்தால் ‘தோது’ என்ற பேச்சே எழாது.

ஆசிரியை ஆவது சின்ன விஷயம் இல்லை. இந்தப் பகுதியில் எத்தனையோ பெண்களுக்குச் சொந்தப் பெயரில் முதல் வங்கிப் புத்தகத்தைக் கொடுத்த தொழில் அது. ஆகவே தோழிகளே, டீச்சருக்குப் படியுங்கள். பிடித்திருந்தால் படியுங்கள். தோது என்பதற்காகப் படிக்க வேண்டாம். சேரும் நாளிலேயே குழந்தை உளவியலோடு ஊதிய விகிதத்தையும் அரசாணைகளையும் வாசிக்கத் தொடங்குங்கள். பெரும்பாலும் ஆண்கள் கையில் இருக்கும் சங்கத் தலைமையில் உங்களுக்கும் நாற்காலி கேளுங்கள். நாளை உங்கள் வகுப்பில் ஒரு சிறுமி “டீச்சர், நான் என்ன ஆகட்டும்?” என்று கேட்பாள். அவளுக்கு எது தோது என்று சொல்லாமல், என்ன பிடிக்கும் என்று கேட்கும் முதல் ஆள் நீங்களாக இருக்கலாம்.