பொய்த் தழும்பு

பொய் சொல்லிப் பிழைக்கிறவன் நான். நாவலாசிரியன் வேறென்ன செய்கிறான்? காணாத ஊரைக் கண்டதாக எழுதுகிறான். படாத பாட்டைப் பட்டதாக எழுதுகிறான். ஆகையால், போருக்குப் போகாமலே போய் வந்ததாகச் சொல்லித் திரிகிறவனைப் பற்றி எழுத உட்காரும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. அப்படிப்பட்டவன்மீது நிஜமான பட்டாளத்துக்காரர்கள் கொள்ளும் கோபம் லேசானதல்ல. அதே மனிதர்கள், போரையே பார்த்திராத ஓர் எழுத்தாளன் எழுதிய யுத்தக் கதையைக் கொண்டாடியதும் உண்டு. இந்த இரண்டு பொய்களுக்கும் நடுவே அவர்கள் கண்ட வித்தியாசம் என்ன? என் தொழிலின் மானம் இந்தக் கேள்வியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஷேக்ஸ்பியர் 1599இல் எழுதிய 'ஐந்தாம் ஹென்றி'யில் பிஸ்டல் என்று ஒரு வாய்வீச்சுக்காரன் வருகிறான். ராஜாவின் படையோடு அவன் பிரான்ஸுக்குப் போனது என்னவோ நிஜம். அங்கே ஒரு பாலத்தருகில் அவன் முழங்கிய வசனங்களைக் கேட்டு, வேல்ஸ்காரரான காப்டன் ஃப்ளூயெல்லன் அவனைப் பெரிய வீரனென்று நம்பிவிடுகிறார். ரோமாபுரியின் யுத்த சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவர்; அவரே ஏமாந்துபோகிறார். காப்டன் கௌவர்தான் ஆளை அடையாளம் காட்டுகிறார். எந்தக் கோட்டைச் சுவர் எங்கே இடிந்தது, யார் முன்னே பாய்ந்தார், யார் சுடப்பட்டார் என்றெல்லாம் இவர்கள் நெட்டுருப் போட்டு வைத்திருப்பார்கள். தளபதியைப் போலத் தாடி வைத்துக்கொண்டு லண்டன் சாராயக் கடைகளில் வீரர்களாக உலவுவார்கள் என்கிறார். போலிக்குத் தகவல் பஞ்சம் இல்லை. சரளமாகப் பேசுவதும் அவன்தான். போய் வந்தவனுக்கோ நாக்கு எழுவதில்லை.

பிறகு ஃப்ளூயெல்லனுக்கு உண்மை தெரிகிறது. வெங்காய ஜாதியைச் சேர்ந்த லீக் என்ற பூண்டை வேல்ஸ்காரர்கள் தங்கள் தேசத்தின் சின்னமாகத் தொப்பியில் சொருகிக்கொள்வார்கள். அதைப் பிஸ்டல் பழித்துவிட்டான். பிடித்துக்கொண்டு தடியால் விளாசி, அந்தப் பூண்டையே பச்சையாகத் தின்னவைக்கிறார். கொட்டகையில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஷேக்ஸ்பியர் பிஸ்டலைத் தனியே நிறுத்திப் பேசவிடுகிறார். இந்தத் தடியடித் தழும்புகளுக்குப் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு ஊருக்குப் போவேன், பிரான்ஸ் யுத்தத்தில் பட்ட காயம் என்று சத்தியம் செய்வேன் என்கிறான் அவன். பழைய சிப்பாய் கொடுத்த தண்டனையே போலிச் சிப்பாய்க்குப் பதக்கமாகிவிடுகிறது! அவமானப்படுத்தித் திருத்துவது என்ற வைத்தியத்தின் வரம்பை இதைவிடத் தெளிவாகச் சொன்னவர் யாரும் இல்லை.

இது வெறும் மேடைக் கற்பனையும் அல்ல. காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஊர்தோறும் வரி திரட்டி உதவ இங்கிலாந்தில் 1593இல் சட்டம் வந்தது. 1597-98இல், சிப்பாய் என்றும் மாலுமி என்றும் பொய் சொல்லி அலைகிறவர்களுக்கு மரண தண்டனை வரையில் விதிக்க இன்னொரு சட்டம் வந்தது. கையிழந்தவனுக்குச் சேரவேண்டிய ரொட்டியைக் கட்டுப் போட்ட கையை நீட்டி வேறொருவன் வாங்கித் தின்கிறான் என்றால், கோபத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1598இல் மேடையேறிய பென் ஜான்ஸனின் நாடகம் ஒன்றிலும் பொபடில் என்ற போலிக் காப்டன் வருகிறான். தன்னோடு சேர்த்து இருபது பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு இருபது எதிரி வீதம் கொன்றால் நாற்பதாயிரம் பேர் படையை ஒழித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கிலேயே இருபது இருபது இருநூறு என்கிறான்! ஜான்ஸன் நெதர்லாந்துப் போரில் சிப்பாயாக இருந்தவர். இரு படைகளும் பார்த்திருக்க ஒற்றைக்கு ஒற்றை நின்று ஓர் எதிரியைக் கொன்றதாகப் பிற்காலத்தில் ஒரு நண்பரிடம் சொன்னார். அதற்குச் சாட்சி அவர் வாய்தான். போலியைக் கேலி செய்கிற நிஜக்காரனையும் நாம் நம்பித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

இனி இன்னொரு பொய்த் தழும்பு. ஸ்டீஃபன் கிரேன் 1895இல் வெளியிட்ட 'தி ரெட் பாட்ஜ் ஆஃப் கரேஜ்' நாவலில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் சேர்ந்த ஃப்ளெமிங் என்ற பையன் பயந்து களத்தை விட்டு ஓடுகிறான். தன் பக்கத்துச் சிப்பாய் ஒருவனே துப்பாக்கிக் கட்டையால் அவன் மண்டையில் அடித்துவிடுகிறான். குண்டடி பட்டேன் என்று பொய் சொல்லிப் படைக்குத் திரும்புகிறான். தடியால் அடித்தாற்போல் வீங்கியிருக்கிறதே என்று பரிசோதித்த கார்ப்பொரல் சொல்கிறான், ஆனாலும் சந்தேகப்படவில்லை. தோழன் காயத்தைக் கட்டித் தன் கம்பளியைக் கொடுத்துப் படுக்கவைக்கிறான். மறுநாள், நேற்றைய போர் முழுவதையும் நீதான் நடத்தினாயோ என்று யாரோ கேலி செய்ய, பையன் உள்ளுக்குள் செத்துப்போகிறான். அதன்பின் நின்று போரிடுகிறான், கொடியையும் தூக்குகிறான்.

பிஸ்டலுக்கும் இவனுக்கும் காயம் ஒரே தினுசுதான். சொன்ன பொய்யும் ஒன்றுதான். அதைச் செலவு செய்த இடம் வேறு. பிஸ்டல் தன் பொய்யை எடுத்துக்கொண்டு, கேழ்வரகில் நெய் வழிகிறது என்றாலும் கேட்டுக்கொள்ளும் ஊருக்குப் போகிறான். ஃப்ளெமிங் தன் பொய்யோடு வரிசைக்கே திரும்பி வருகிறான். அங்கே மறுநாள் காலையில் கடன் திருப்பிக் கேட்கப்படும்.

கிரேன் பிறந்தது 1871இல். போர் முடிந்து ஆறு வருஷம் கழித்து. ஆனால் புத்தகத்தைப் படித்த பழைய சிப்பாய்கள் பலர் ஆசிரியரும் தங்களில் ஒருவரென்றே நினைத்தார்கள். 1862இல் நடந்த அன்டீடம் போரில் கிரேனோடு நானும் இருந்தேன் என்று ஒரு கர்னல் சொன்னதாகக் கதை வழங்குகிறது. உள்நாட்டுப் போரில் பணிபுரிந்த மக்ளர்க் என்ற அதிகாரிக்கோ அந்த நாவல் சிப்பாய்களைக் கேலி செய்வதாகப்பட்டது. 1896இல் கடுமையாகத் தாக்கி எழுதினார். இரு தரப்பாரின் உரிமையையும் நான் ஒப்புக்கொள்கிறேன். கிரேன் தன் கற்பனையைக் கதை என்றே அச்சிட்டார். செத்தவன் நின்ற இடத்தில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளவில்லை.

போலியைப் பிடிக்கும் ஆவேசத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பால்ஸாக்கின் கர்னல் ஷபேர் 1807இல் ஐலௌ போரில் மண்டை பிளந்து, செத்தவனென்று பிணக்குழியில் போடப்பட்டு, தானே தோண்டிக்கொண்டு வெளியே வருகிறார். பெயரைச் சொன்னதற்காகப் பைத்தியமென்று அடைக்கப்படுகிறார். ஷபேர் என்று சொல்வதை நிறுத்திய பிறகே விடுதலை. அவருடைய தழும்பு நிஜம். யார் நம்பினார்கள்? பூட்டான் என்ற பழைய தோழன் முதலில் சிரிக்கிறான். பிறகு, தங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதிகளைக் கேட்டுத் தெளிகிறான். எகிப்துப் படையெடுப்பில் உடனிருந்த ஒரு சிப்பாய், இப்போது மாடு வைத்துப் பிழைப்பவன், தன் ஏழை வீட்டில் இடம் கொடுக்கிறான்.

நம் காலத்திலும் இதே வழக்குத்தான். அமெரிக்காவில், வாங்காத பதக்கத்தை வாங்கியதாகச் சொல்வதையே குற்றமாக்கி 2006இல் சட்டம் இயற்றினார்கள். கலிபோர்னியாவில் ஒரு நீர் வாரிய உறுப்பினர், தான் நாட்டின் ஆக உயர்ந்த வீரப்பதக்கம் பெற்ற முன்னாள் கடற்படைச் சிப்பாய் என்று 2007இல் கூட்டத்தில் அறிமுகம் செய்துகொண்டார், அத்தனையும் பொய். முன்னாள் படைவீரர் சங்கங்கள் சட்டத்தின் பக்கம் நின்றன. ஆனால் 2012இல் உச்ச நீதிமன்றம், ஆறு பேருக்கு மூன்று பேர் என்ற கணக்கில், அந்தச் சட்டம் பேச்சுரிமைக்கு விரோதம் என்று தள்ளிவிட்டது. பதக்கம் பெற்றவர்களின் பட்டியலை யாரும் பார்க்கும்படி வைத்தால் பொய் தானே வெளிப்படுமே என்று தீர்ப்பில் ஒரு யோசனையும் இருந்தது. 2013இல் வந்த புதுச் சட்டம், பணமோ வேறு ஆதாயமோ பெறும் நோக்கத்தோடு சொன்ன பொய்யை மட்டும் தண்டிக்கிறது.

சங்கத்தாருக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கும். எனக்கோ, நீதிபதிகள் தெரிந்தோ தெரியாமலோ ஃப்ளூயெல்லனின் தடியைப் பிடுங்கி வைத்துவிட்டு, பூட்டானின் கேள்விகளைக் கையில் கொடுத்தார்கள் என்று தோன்றுகிறது. தடி பிஸ்டலுக்கு இன்னொரு தழும்பைத் தரும். ஷபேரின் மேல் பட்டால் பாவமாகவும் முடியும். யார் இருந்தார்கள், யார் திரும்பவில்லை என்று பெயர் பெயராக நினைவு வைத்திருப்பது மெதுவான காரியம். ஆனால் போலி அஞ்சுவது அந்தப் பட்டியலுக்குத்தான். அதில் செத்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன. அவர்களுக்காகப் பேச, கூட நின்றவனை விட்டால் வேறு ஆள் இல்லை.