வேப்பம்பூக் காலமும் நமது முதியவர்களும்

கடந்த பங்குனியில் ஒரு நாள். மன்னாரிலிருந்து மதவாச்சிப் பக்கம் போகும் பஸ் மடுச் சந்தியில் சற்று நேரம் நின்றது. எனக்குப் பக்கத்து இருக்கையில் வயதான ஒரு தம்பதியர். புத்தளத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார்களாம். மூதாட்டியின் மடியில் பழைய பால்மா டின் ஒன்று இருந்தது. மெல்லப் பேச்சுக் கொடுத்தேன்.

“தொண்ணூறுல நீங்க எந்த வழியால போனீங்க உம்மா?”

அவர் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே வேப்பம்பூ வடகம்.

“அது கெடக்கட்டும் மகன். இந்த முற பூ நல்லாப் பூத்திருக்கு. பேத்திக்குப் பொரிச்சுக் குடுத்தா ஒண்டும் மிச்சம் வைக்கமாட்டா.”

“பேத்தி பேரச் சொல்லித் தனக்கும் ரெண்டு பொரிச்சுக்குவா” என்று கணவர் சிரித்தார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. நான் எதிர்பார்த்தது ஒரு கண்ணீர்க் கதையை. பஸ் நகர்ந்த பிறகுதான் குறை என்னிடம் இருப்பது விளங்கியது. அது என் குறை மட்டும்தானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அதை எழுதியே ஆக வேண்டியிருந்தது. எமது கவிஞர்களும் கதைஞர்களும் எழுதினர். அந்தச் சாட்சியத்தின் பெறுமதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நான் வாசித்தவரை, அவ்வெழுத்துக்களில் வரும் முதியவருக்கு ஒரே வேலைதான்: ஊரை நினைப்பது. அவருக்கு நேற்று உண்டு, இன்று இல்லை. பசி, ருசி, குறும்பு, பகல் தூக்கம் எதுவும் இல்லை. கதை முடியும்போது அநேகமாக மௌத்தாகியும் விடுவார்.

தமிழில் இதற்கு நீண்ட மரபு உண்டு. புறநானூற்றின் 243ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் காட்டும் கிழவர், இருமலுக்கிடையே, இளமையில் மடுவில் பாய்ந்து மணல் அள்ளி வந்ததை எண்ணி இரங்குகிறார். இதே நூலின் 191ஆம் பாடலில் பிசிராந்தையார் வேறொரு முதுமையைக் காட்டுகிறார். நரை ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்கு அவர் மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரிலுள்ள சான்றோர் என்று தம்மைச் சூழ இருப்பவர்களையே விடையாகச் சொல்கிறார். முதலாமவர் பின்னோக்கிப் பார்க்கிறார். இரண்டாமவர் சுற்றிப் பார்க்கிறார். எமது இடப்பெயர்வு இலக்கியம் முதலாமவரிடம் மட்டுமே பாடம் கேட்டது.

முதுமையின் சுகத்தை எழுதுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ அதைக் காட்டிவிட்டது. குடும்பப் பெருமை பேசிக்கொண்டு கிடக்கும் முஸ்தபாக்கண்ணுவின் நாக்கு ருசிக்காக வீட்டுப் பொருட்கள் ஒவ்வொன்றாக விலைபோகின்றன. அடி உதை மனைவிக்கு. ஆகவே முதியவரின் மகிழ்ச்சியை எழுதுபவர், அதற்காக உழைப்பது யார் என்பதையும் எழுதியாக வேண்டும். அவித்த பனங்கிழங்கைப் பல்லில்லாத வாய்க்கென இடித்துக் கொடுப்பது ஒரு மருமகளாக இருந்தால், அவளது கை நோவும் கதைக்குள் வரட்டும்.

எழுதாமல் விட்டதால் எதை இழந்தோம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ரமழான் ஆண்டுதோறும் சுமார் பதினொரு நாட்கள் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 1990இல் நோன்பு மார்ச் இறுதியில் தொடங்கியது. வெளியேற்றத்துக்கு முன் சொந்த ஊரில் பிடித்த கடைசி நோன்பு அதுதான். அடுத்த ஆண்டு மார்ச் நடுப்பகுதியில் வந்த நோன்பை அகதிக் கொட்டில்களில் பிடித்தார்கள். 2023இலும் 2024இலும் ரமழான் மறுபடியும் அதே மார்ச்சுக்குத் திரும்பியது. அன்று நாற்பது வயதாக இருந்தவருக்கு 2023இல் எழுபத்துமூன்று. 2009க்குப் பின் ஊர் திரும்பியிருந்தால், அதே பருவத்தில், அதே வேம்பு பூத்து நிற்க, தன் முற்றத்தில் நோன்புக் கஞ்சி குடித்திருப்பார். ஒரு மனித வாழ்வில் இரண்டாம் தடவை கிடைத்த பங்குனி அது. இதைவிடப் பெரிய கவிதைப் பொருள் வேண்டுமா? என் கண்ணில் பட்ட சஞ்சிகைகளில் அதைப் பாடிய ஒரு கவிதையையும் நான் காணவில்லை. நானும்தான் எழுதவில்லை.

சங்க மரபில் வேனில் பாலைத்திணைக்குரியது, பின்பனியும் அதற்குரியதே. இரண்டும் பிரிவின் பருவங்கள். பிரிவை எழுத எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரிந்தவர் திரும்பி வந்து வெயிலில் பாய் விரித்து வடகம் காயவைப்பதை எழுதத்தான் இனிப் பழக வேண்டும். அந்தத் தலைமுறை எம்மோடு இருக்கும் ஆண்டுகள் குறைவு. அவர்கள் மறைந்த பின் இரங்கற்பா எழுத நிறையப் பேர் இருப்பார்கள்.

அடுத்த பங்குனியில் அந்த மூதாட்டியைச் சந்தித்தால், பூவைக் காம்பு நீக்கி எத்தனை நாள் காயவைக்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்பேன். தொண்ணூறு பற்றி அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.