தமிழ்த் திரைப்படங்களில் வடமாநிலத் தொழிலாளர் சித்திரிப்பு

வடமாநிலத் தொழிலாளர் சித்திரிப்பு என்பது பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வேலை தேடித் தமிழ்நாட்டுக்கு வருவோரைத் திரைப்படங்களும் ஊடகங்களும் காட்டும் முறையைக் குறிக்கும். ஒரு மக்கள் குழுவினர் அனைவரையும் ஒரே அச்சில் வார்த்து, ஒரே குணத்தை ஏற்றிச் சொல்வது இதில் அடிக்கடி நிகழ்கிறது. இக்கட்டுரை நான்கு படங்களை எடுத்துக்கொண்டு, ஓசூர்ப் பகுதியின் வாழ்க்கையோடு வைத்து அவற்றை மதிப்பிடுகிறது.

ஓசூரின் சூழல்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் தொழில் நகரமான ஓசூர் கர்நாடக எல்லையை ஒட்டியுள்ளது. ஊருக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. உருது பேசுவோரும் உண்டு. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானபின் அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் போன்ற ஆலைகள் தமிழ்நாட்டின் பிற மாவட்டத்தாரை ஈர்த்தன. அன்று அவர்களே வெளியூர்க்காரர்கள். இன்று அந்த இடத்தில் வடமாநிலத்தார் இருக்கின்றனர். அண்மை ஆண்டுகளில் மின்னணுத் தொழிற்சாலை வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து பழங்குடிப் பெண்களும் இப்பகுதிக்கு வந்துள்ளனர். எனவே ‘வந்தவர்’, ‘இருப்பவர்’ என்ற பிரிவு எவ்வளவு நிலையற்றது என்பதை இங்கே எளிதில் காணலாம்.

பழைய அச்சுகள்

பிறமொழியாளரை ஒரே அச்சில் வார்ப்பது தமிழ்த் திரைக்குப் புதிதன்று. வட்டிக்கடை என்றால் ‘நம்பள், நிம்பள்’ என்று பேசும் சேட்டு, தேநீர்க்கடை என்றால் நாயர் என்பன நெடுங்கால நகைச்சுவை வழக்கங்கள். இதே அச்சில் தமிழரும் வார்க்கப்பட்டனர். 1968-இல் வெளிவந்த ‘படோசன்’ இந்திப் படத்தில் மெஹ்மூத் நடித்த மாஸ்டர் பிள்ளை என்ற இசை ஆசிரியர் வேடம் இதற்குப் பெயர்பெற்ற சான்று. அதைக் கண்டு மனம் வருந்தும் தமிழர், சேட்டு வேடத்தைக் கண்டு சிரிப்பதில் உள்ள முரண்பாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை.

தீரன் அதிகாரம் ஒன்று

எச். வினோத் இயக்கிய இப்படம் 2017 நவம்பரில் வெளிவந்தது. தமிழ்நாட்டில் நெடுஞ்சாலையோர வீடுகளில் நடந்த கொலை, கொள்ளை வழக்குகளில் பவாரியா கும்பலைக் காவல்துறை பிடித்த உண்மை நிகழ்வுகளே இதன் அடிப்படை. புலனாய்வின் கடினத்தைக் காட்டுவதில் படம் தேர்ச்சி பெற்றது என்பதை மறுக்க இயலாது. குறை வேறிடத்தில் உள்ளது. குற்றவாளிகளின் கதையோடு ஒரு சமூகத்தின் வரலாற்றையும் படம் பிணைக்கிறது. ஒரு கிராமமே திரண்டு காவலரைத் தாக்கும் காட்சியில் குற்றவாளிக்கும் ஊராருக்கும் வேறுபாடு மறைந்துபோகிறது.

1871-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் செய்ததும் இதுவே. பிறப்பையே குற்றமாக்கிய அச்சட்டத்தால் தமிழ்நாட்டிலும் பல சமூகங்கள் துன்புற்றன. 1920-இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். படத்தில் ‘குற்றப்பரம்பரை’ என்ற சொல் ஆளப்பட்டதற்குச் சீர்மரபினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். படக்குழு வருத்தம் தெரிவித்தது. பவாரியா சமூகத்தின் பெயரோ அப்படியே நின்றது. நம் ஊரில் புண்படுபவர் இருந்தால் சொல்லை மாற்றுவதும், தொலைவில் உள்ளவர் என்றால் விட்டுவிடுவதும் ஒரே நீதி ஆகா.

விசாரணை

வெற்றிமாறனின் ‘விசாரணை’ 2016-இல் திரைக்கு வந்தது. கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தம் அனுபவத்தைக் கொண்டு எழுதிய ‘லாக்கப்’ நூலைத் தழுவியது. ஆந்திரத்தின் குண்டூரில் பிழைக்கச் சென்ற தமிழ் இளைஞர்கள், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி காவல் நிலையத்தில் அடித்துத் துன்புறுத்தப்படுகின்றனர். மொழி தெரியாதவர், ஆதரிக்க ஆள் இல்லாதவர், பூங்காவில் படுத்துறங்குபவர் என்பதால்தான் அவர்கள் மீது எளிதாகப் பழி விழுகிறது.

இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தமிழர் வெளிமாநிலத் தொழிலாளியாகும்போது அவருக்குப் பெயரும் பசியும் அச்சமும் தரப்படுகின்றன. வேறொருவர் தமிழ்நாட்டுக்கு வரும்போது அவர் முகமற்ற கும்பலில் ஒருவராகிறார். குண்டூரின் பாண்டியும் ஓசூர்ச் சிப்காட்டில் வேலை தேடும் பீகார் இளைஞரும் ஒரே நிலையில் உள்ளவர்கள் என்பதைப் பார்வையாளர்தாம் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியுள்ளது.

ஜெய் பீம்

2021-இல் வெளிவந்த த. செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’, கிருஷ்ணகிரி மாவட்ட மலைப்பகுதிகளிலும் வாழும் இருளர்களின் துயரைப் பேசியது. சிறையிலிருந்து வெளிவருவோரின் சாதியைக் கேட்டு மீண்டும் கைது செய்யும் தொடக்கக் காட்சி, பிறப்பைக் கொண்டு ஆளை எடைபோடுவதன் கொடுமையை அழுத்தமாக உணர்த்துகிறது. ஆனால் அதே படத்தில், இந்தியில் பேசும் அடகுக்கடைக்காரரைக் காவல் அதிகாரி அறைந்து தமிழில் பேசச் சொல்கிறார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியும், தப்பிக்கவே இந்தி பேசுகிறார் என்று அதற்கு விளக்கம் தரப்பட்டது. கதைக்குள் அவ்விளக்கம் பொருந்தும். எனினும் காவலரின் கை ஓங்குவதை எதிர்க்கும் படத்தில், சேட்டு அடி வாங்கும்போது மட்டும் அரங்கம் கைதட்டும்படி காட்சி அமைந்தது ஒரு சறுக்கலே.

ரயில்

எழுத்தாளர் பாஸ்கர் சக்தி இயக்கிய இப்படத்துக்கு முதலில் ‘வடக்கன்’ என்று பெயர். தணிக்கையில் எதிர்ப்பு வந்ததால் ‘ரயில்’ என மாற்றப்பட்டு 2024 ஜூனில் வெளிவந்தது. குடிக்கு அடிமையான எலக்ட்ரீசியன் முத்தையா, தன் வேலை போனதற்கு வடமாநிலத்தாரே காரணம் என நம்பி, அண்டையில் வாழும் சுனில் மீது வெறுப்பை வளர்க்கிறான். இழிசொல்லைத் தலைப்பாக வைத்து அதையே கேள்விக்கு உட்படுத்த முயன்ற படத்துக்குத் தலைப்பு மறுக்கப்பட்டது பொருத்தமற்றது. தொழிலாளிக்குப் பெயரும் குடும்பமும் தந்தது இதன் சிறப்பு. ஆனால் சுனில் குறையே இல்லாத நல்லவனாக இருக்கிறான். மதிக்கப்பட வேண்டுமானால் வந்தவன் உத்தமனாக இருந்தாக வேண்டும் என்பதும் ஒருவகை அச்சே.

திரைக்கு வெளியே

இவற்றின் விளைவு திரையோடு நிற்பதில்லை. 2016 செப்டம்பரில் காவிரிச் சிக்கலின்போது பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வாகனங்கள் எரிக்கப்பட்டன. பேருந்துகள் நின்றதால் மக்கள் அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே மூட்டை முடிச்சுகளோடு நடந்தே எல்லையைக் கடந்தனர். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. காவல்துறை அவற்றை மறுத்தது. பீகார் அரசு குழு அனுப்பி நிலைமையைக் கேட்டறிந்தது. ‘வடக்கர் எல்லாரும் திருடர்’ என்பதும் ‘தமிழர் எல்லாரும் கொலைகாரர்’ என்பதும் ஒரே அச்சில் வார்த்த இரு பொய்கள்.

மொழிக்கொள்கையும் மனித மதிப்பும்

இந்தித் திணிப்பு எதிர்ப்பு இங்கே அடிக்கடி சாக்காகக் கூறப்படுகிறது. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய இராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். அதற்கு எதிரான போராட்டம் அரசின் ஆணையை எதிர்த்தது. கூலி வேலைக்கு வந்தவரை எதிர்க்கவில்லை. மேலும் ‘இந்திக்காரர்’ என்று அழைக்கப்படுவோரில் பலரின் தாய்மொழி போஜ்புரி, மைதிலி, சந்தாலி, ஒடியா, வங்காளம் ஆகியவையே.

மதிப்பீடு

ஒரு படத்தைப் பார்க்கும் மாணவர் சில கேள்விகளைக் கேட்கலாம். வெளியூர்த் தொழிலாளிக்குப் பெயர் உண்டா? அவர் பேசுவது பொருள் விளங்கக் காட்டப்படுகிறதா, வெறும் இரைச்சலாகவா? அவர் செய்த தவறு அவருடையதாகக் காட்டப்படுகிறதா, அவர் கூட்டத்தினுடையதாகவா? இக்கேள்விகளுக்கு ‘ரயில்’ பெருமளவு நிறைவான விடை தருகிறது, ‘தீரன்’ தரவில்லை. மேற்கண்ட நான்கு படங்களிலும் வேலைக்கென்று தனியே வந்த வடமாநிலப் பெண்ணுக்கு இடமில்லை. ஓசூரின் ஆலைப் பேருந்துகளில் அவர்கள் நாள்தோறும் சென்று வருகின்றனர்.