பெத்தவரும் ஒரே உலையும்: தியோபிலஸ் அப்பாவுவின் வழிபாட்டுப் பாடல்கள் குறித்த ஒரு மதிப்பீடு

தமிழ்ச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் இலக்கிய வரலாறு பெரும்பாலும் இருவரை முன்னிறுத்தியே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒருவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). மற்றவர் இரட்சணிய யாத்திரிகம் இயற்றிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). கீர்த்தனையும் காப்பியமும் கிறித்தவத் தமிழின் உச்சங்களாகக் கொள்ளப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இவ்வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. தம்மைப் ‘பரட்டை’ என்றே அழைத்துக்கொண்ட இவர், கிராமிய மெட்டுகளிலும் பேச்சுத் தமிழிலும் திருச்சபையின் வழிபாட்டை மறுபடி இயற்றியவர். இவருடைய பாடல்களில் மையமாக நிற்கும் இரு சொற்களை ஆராய்ந்து, அவற்றின் ஆற்றலையும் எல்லையையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தமிழ்மயமும் விடுதலையும்

ஐரோப்பிய ஞானப்பாட்டுகளுக்கு மாற்றாகக் கீர்த்தனைகள் வழிபாட்டில் இடம்பெற்றதைத் தமிழ்ப் பண்பாட்டின் வெற்றி என்று கூறுவது வழக்கம். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பின்னர், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பு சபைகளில் வேரூன்றியது. இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மையன்று.

1829இல் தஞ்சைச் சபையில் புதிதாக வந்த மறைப்பணியாளர்களின் செயல்களை எதிர்த்துச் சாஸ்திரியார் எழுதினார். நான்கு கொடுமைகளை அவர் எடுத்துரைத்ததை டென்னிஸ் ஹட்சனின் ஆய்வு விரிவாகக் காட்டுகிறது. வேத மொழிபெயர்ப்பைத் திருத்துதல், சாதிகளை வற்புறுத்தி ஒன்றுசேர்த்தல், விழாக்களில் மலர்களைத் தடுத்தல், கீர்த்தனைகளை விலக்குதல் என்பன அவை. தமிழிசையின் உரிமைக்காக வாதாடிய அதே எழுத்து, திருச்சபைக்குள் சாதி ஆசாரம் நிலைபெறவும் வாதாடியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1833இல், ஆயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு அறவே ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோதும் எதிர்ப்பே எழுந்தது.

இதனால் சாஸ்திரியாரின் கவித்துவம் குறைந்துவிடாது. ஆனால் ஒன்று தெளிவாகிறது. வழிபாடு தமிழாகிவிட்டால் அது மக்களுடையதாகிவிடும் என்பதற்கு உறுதியில்லை. எந்தத் தமிழ், யாருடைய இசை என்னும் வினா எஞ்சி நிற்கிறது. இவ்வினாவையே அப்பாவு தம் பணியின் தொடக்கமாகக் கொண்டார். 1981இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் கல்விப்புலத்தில் உருப்பெற்று வந்த காலம் அது. அவ்விறையியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அப்பாவு 1986இல் வெளியிட்ட நாட்டார் வழக்காறு பற்றிய நூலும் ஆங்கிலத்தில் அமைந்ததே. எனினும் அவருடைய இறையியலின் நிறைவான வடிவம் பாடலே ஆகும். கர்நாடக இசைப் பயிற்சியோ விலையுயர்ந்த கருவியோ இல்லாதவரும் ஒரு முறை கேட்டுத் திருப்பிப் பாடத்தக்க வடிவத்தை அவர் தேர்ந்தார். தீட்டென்று விலக்கப்பட்ட பறை இவ்வழிபாட்டில் உரிமையுடன் நுழைந்தது.

2. பெத்தவர்

அப்பாவுவின் வழிபாட்டில் இறைவன் ‘பிதா’ அல்லர், ‘பெத்தவர்’. இம்மாற்றத்தை எளிய பேச்சுவழக்கு என்று கடந்துவிடலாகாது. வட அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபைகளில் இதே சிக்கல் வேறு வகையில் எழுந்தது. அமெரிக்கத் தேசியத் திருச்சபைகள் மன்றம் 1983இல் வெளியிட்ட வாசகத் தொகுப்பு, தந்தை என்னும் சொல்லை அடுத்து அடைப்புக்குறிக்குள் தாயையும் சேர்த்தது. பெண்ணைப் பின்னர் இணைக்கவேண்டிய நெருக்கடி அம்மொழிக்கு இருந்தது. தமிழுக்கு அவ்வடைப்புக்குறி தேவைப்படவில்லை. பெற்றவர் என்னும் சொல் தாயையும் தந்தையையும் ஒருங்கே குறிக்கும். இறைவனை அம்மையப்பராகக் கண்ட சைவ மரபையும் தமிழ்ச் செவி இங்கு நினைவுகூரும்.

எனினும் இச்சொல்லின் கூர்மை பாலினத்தோடு முடிவதில்லை. சாதி பிறப்பால் அமைவது. ஒருவனை இன்னான் என்று வரையறுப்பது அவனைப் பெற்றவர் யார் என்பதே. இறைவனையே பெத்தவர் என்று அழைக்கும் சபையார், தம் பிறப்பை வேறொரு மூலத்திற்கு உரியதாக்குகின்றனர். சாதி எந்த அடித்தளத்தின்மீது நிற்கிறதோ அதனையே இச்சொல் தொடுகிறது. ‘பிதா’ என்னும் வடசொல் வழிபாட்டு மேடையில் மட்டுமே வழங்குவது. வீட்டில் எவரும் தம் தகப்பனாரை அவ்வாறு அழைப்பதில்லை. ஆதலால் அச்சொல்லுக்குக் குடும்பத்தின் பிறப்புக் கணக்கைத் தொடும் வலிமை இல்லை.

ஒரு குறையும் இங்குச் சுட்டத்தக்கது. அர் விகுதி பலர்பாலுக்கும் உயர்வுக்கும் பொதுவானதாயினும், நடைமுறையில் அவ்வுயர்வு ஆணுக்கே எளிதில் வழங்கப்படுகிறது. இலக்கணம் திறந்துவைத்த வாயிலைப் பழக்கம் மூடிவிடக்கூடும். பெத்தவர் என்று பாடும் சபையார் தகப்பனை மட்டுமே மனத்தில் காண்பாராயின் சொல் மாறியும் பொருள் மாறாது.

3. ஒரே உலை

இரண்டாவது சொல் ‘உலை’. தமிழ்க் குடும்பத்தில் பிரிவு என்பது உலை பிரிவதேயாகும். சகோதரர் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும், தனி உலை வைத்த நாள்முதல் அவர்கள் இரு குடும்பத்தார். கூட்டுக் குடும்பத்தின் பொது உலையைத் திருவிருந்தின் பொருளாகவும் பொருளாதாரப் பகிர்வின் இலக்கணமாகவும் அப்பாவு விரித்தார். உடன் உண்ணாமை சாதியின் முதன்மையான நடைமுறைகளுள் ஒன்று என்பதை நோக்கின், இத்தேர்வின் பொருத்தம் விளங்கும். பெத்தவர் ஒருவர் என்பது கோட்பாடு. உலை ஒன்று என்பது அதன் சோதனை.

இச்சோதனையில் திருச்சபை தேறியதா என்பது வேறு வினா. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானபோது, பிரிந்து கிடந்த சபை மரபுகள் ஒரே திருவிருந்து மேசைக்கு வந்தன. அது உலகத் திருச்சபை வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. ஆயினும் சாதிவாரியான கல்லறைத் தோட்டங்களும், மறைமாவட்டத் தேர்தல்களில் சாதிக் கணக்கும், மணமகள் தேவை விளம்பரங்களில் சாதிப் பெயரும் இன்றும் மறையவில்லை. மேசை ஒன்றாயிற்று, உலை ஒன்றாகவில்லை.

4. பாடல்களின் இன்றைய நிலை

அப்பாவுவின் பாடல்களை விரிவாக ஆராய்ந்து ஜோயி ஷெரினியன் 2014இல் நூல் வெளியிட்டுள்ளார். பாடுவோர் தம் சூழலுக்கேற்பப் பாடலை மறுபடி படைத்துக்கொள்வதே நாட்டார் இசையின் விடுதலை ஆற்றல் என்பது அந்நூலின் முதன்மைக் கருத்து. இதனை ஏற்பின், இப்பாடல்களுக்கு நேரக்கூடிய இடர் மறதி மட்டுமன்று, மரியாதையும் இடரே. ஆண்டுக்கொருமுறை தலித் விடுதலை ஞாயிறன்று மட்டும் பாடப்படும் பாடல், மற்ற ஞாயிறுகளுக்கு விலக்களிக்கும் பாடலாகிவிடும். புலம்பெயர் சபைகளில் பறை, கலைநிகழ்ச்சியின் ஓர் உருப்படியாக மேடையேறி, திருவிருந்து வேளையில் ஓரமாக வைக்கப்படுமாயின், அது தீட்டின் நாகரிகமான வடிவமேயாகும். கீர்த்தனையைத் தாய்நாட்டின் நினைவாகப் போற்றும் சபை, அந்நினைவுடன் எவ்வெவ்வற்றைக் கடல்கடந்து கொண்டுவந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

முடிவுரை

தமிழ்ச் சூழலில் முற்போக்குச் சீர்திருத்த நம்பிக்கை என்பது மேலைக் கோட்பாடுகளின் மொழிபெயர்ப்பாக மட்டும் அமையவேண்டியதில்லை என்பதற்கு அப்பாவுவின் பாடல்கள் சான்றாகின்றன. அடுக்களையிலும் உறவுமுறையிலும் ஏற்கெனவே வழங்கிய இரு சொற்களைக் கொண்டே அவர் சாதியின் இரு தூண்களாகிய பிறப்பையும் உணவையும் எதிர்கொண்டார். கீர்த்தனை மரபு தமிழுக்கு வழிபாட்டில் இடம் பெற்றுத் தந்தது. அத்தமிழைப் பேசிய அனைவருக்கும் பந்தியில் இடம் கேட்டவை இப்பாடல்கள். கிறித்தவத் தமிழிலக்கிய வரலாறு இவற்றைப் பிற்சேர்க்கையாக அன்றி, சாஸ்திரியாரின் 1829ஆம் ஆண்டு எழுத்துக்குக் காலந்தாழ்ந்து வந்த மறுமொழியாகக் கொண்டு வாசித்தல் தகும்.