உறைபனி பிளந்த கூரை

இங்கிலாந்தின் பைபரி கிராமத்தில் ஆர்லிங்டன் ரோ வீடுகளின் அழகே கூரைதான். ஈரம் ஊறிய சுண்ணாம்புக்கல்லை வெட்டவெளியில் போட்டு, உறைபனிக்குக் காத்திருப்பது இந்தக் கூரைத்தொழிலின் பழைய வழக்கம். உள்ளிருக்கும் நீர் உறைந்து விரிய, கல் ஏடு ஏடாகப் பிரியும். தட்டினால் கணீரென ஒலிப்பதே நல்ல கல். ஓரம் கொத்தி, துளையிட்டு, ஓக் மர முளையில் தொங்கவிடுவார்கள். இறவாரத்தில் அகலக் கற்கள். மேலே போகப் போகச் சிறுத்து, முகட்டருகே கையகலம்தான்.

சொரசொரத்த அந்தக் கற்களில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஆனாலும் கூரை மீன் செதிலாய் இசைந்து, பாசி பூத்துக் கிடக்கிறது. இன்று முதல் தரப் பாரம்பரியக் கட்டடங்களாகச் சட்டம் காக்கும் இந்த வீடுகளை முதலில் காத்தது, பனிக்குக் காத்திருக்கத் தெரிந்த கைகளின் பொறுமை.