சின்னத்திரையும் திண்டிவனத்து இரவும்

கூட்டேரிப்பட்டுச் சந்திப்பில் ஒரு பாதை திண்டிவனம் வழியே சென்னைக்கும், மற்றொன்று மயிலம் வழியே புதுவைக்கும் பிரிகிறது. இங்கே அமர்ந்துகொண்டு அமெரிக்க வரலாற்றைப் பற்றி எழுதப் புகுந்தால், ‘இது நமக்கு எதற்கு?’ என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அந்நாட்டு வரலாற்றைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடர்களும் நூலாசிரியர்களின் உரைகளும் இன்று நம் வீட்டுக்குள்ளேயே வந்து சேர்கின்றன. வியந்து பார்த்துவிட்டு எழுந்துவிடாமல் அவற்றை எடைபோட்டுப் பார்க்க நமக்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. அவ்வரலாற்றின் ஒரு பக்கம் நம் பக்கத்து ஊரிலேயே எழுதப்பட்டது.

முதலில் கென் பர்ன்ஸ் இயக்கிய ‘சிவில் வார்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். 1990 செப்டம்பரில் ஐந்து இரவுகள் ஒளிபரப்பான இத்தொடரைச் சுமார் 4 கோடிப் பேர் பார்த்தனர். போர்க்காட்சிகளை நடித்துக் காட்டும் ஆரவாரம் இதில் இல்லை. பழைய நிழற்படங்களின்மீது காமிரா மெல்ல ஊர்கிறது. பின்னணியில் கடிதங்கள் வாசிக்கப்படுகின்றன. சல்லிவன் பல்லூ என்னும் வீரர் 1861 ஜூலையில் தம் மனைவிக்கு எழுதிய கடிதம் வாசிக்கப்படும்போது கலங்காத நெஞ்சம் அரிது. எழுதிய ஒரு வாரத்தில் அவர் போர்க்களத்தில் படுகாயமுற்று, பின் மாண்டார். தேதிகளின் பட்டியலாக நாம் பள்ளியில் கற்ற வரலாறு, இங்கே ஒரு மனிதரின் மூச்சாக நம்மைத் தொடுகிறது. இது இத்தொடரின் பெரும்பேறு.

குறையும் இவ்விடத்திலேதான் பிறக்கிறது. கடிதம் எழுத எழுத்தறிவு வேண்டும். தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றமாக இருந்தது. ஆகவே கடிதங்களைக் கொண்டு கட்டும் வரலாற்றில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் குறுகிவிடுகிறது. பிரெடரிக் டக்ளஸ் போன்றோரின் குரல் இத்தொடரில் ஒலிப்பதை நாம் மறைக்கவில்லை. அடிமைகளே தம் விடுதலைக்கு உழைத்ததை வரலாற்றறிஞர் பார்பரா பீல்ட்ஸ் அழுத்தமாக எடுத்துரைக்கிறார். ஆயினும், இனிமையாகக் கதை சொல்லும் எழுத்தாளர் ஷெல்பி பூட் பெறும் நேரத்தில் ஒரு சிறு பங்கே அவருக்குக் கிட்டுகிறது.

அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ இதற்கு மறுபுறம். 1976-இல் நூலாகவும், 1977 ஜனவரியில் எட்டு இரவுகள் தொடராகவும் வந்த இப்படைப்பு, அடிமையாக்கப்பட்ட ஒருவருக்குக் குண்டா கிண்டே என்ற பெயரைத் திருப்பித் தந்தது. ஹேலி மேடைதோறும் தம் முன்னோரைத் தேடிய கதையைச் சொன்னார். அவையும் உருகிக் கேட்டது. பின்னர் ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் அவர் காட்டிய வம்சாவளியில் பல பிழைகளைக் கண்டனர். வேறொரு நாவலிலிருந்து பகுதிகளை எடுத்தாண்டார் என்ற வழக்கும் 1978-இல் உடன்பாட்டில் முடிந்தது. நூலாசிரியரின் உரை நெஞ்சைச் சூடாக்கும்; சான்றுகளைச் சரிபார்க்கும் வேலை கேட்பவருக்கு எஞ்சியிருக்கும்.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கட்டர் குடும்பத்தில் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. அமெரிக்காவில் படித்த அவர், நோயுற்ற தாய்க்குத் துணையாக 1890-இல் திண்டிவனம் வந்தார். இந்நாட்டில் நிலைத்துவிடும் எண்ணம் அவருக்கு இல்லை. ஓர் இரவு பிராமணர் ஒருவர், இஸ்லாமியர் ஒருவர், வேறொரு சாதி இந்து ஒருவர் என மூவர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியைக் காக்க வேண்டினர். மருத்துவரான தம் தந்தையை அனுப்புவதாக ஐடா கூறினார். ஆண் மருத்துவரை ஏற்க அவர்கள் மரபு இடந்தரவில்லை. மறுநாள் காலை மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. ஐடா மருத்துவம் பயிலத் துணிந்தார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். வேலூரில் 1902-இல் மருத்துவமனையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன.

ஐடாவே அமெரிக்க மேடைகளில் தம் பணியை எடுத்துரைத்து நிதி திரட்டினார். டோரதி கிளார்க் வில்சன் 1959-இல் அவர் வரலாற்றை நூலாக்கினார். நாமும் திண்டிவனத்து இரவை மேடைகளில் சொல்லியிருக்கிறோம்; கேட்போர் கண் கலங்கியதைக் கண்டு நிறைவோடு அமர்ந்தும் இருக்கிறோம். ஆனால் அந்த மூன்று பெண்களின் பெயர் நம் நாவில் ஒருநாளும் வந்ததில்லை. கணவன்மார் சாதியாலும் சமயத்தாலும் குறிக்கப்படுகிறார்கள். மனைவியரோ எண்ணிக்கையாக மட்டும் நிற்கிறார்கள். ஐடாவின் அழைப்பு அவர்கள் சாவிலிருந்து பிறந்தது. அவர்களைப் பெற்ற தாய் யார், அவர்கள் விட்டுச்சென்ற மக்கள் உண்டா என்று கேட்கவும் நமக்குத் தோன்றவில்லை. பர்ன்ஸிடம் நாம் கண்ட குறை நம்மிடமும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அமெரிக்கர்கள் இக்குறைக்கு ஒரு மருந்து தேடினர். 1936 முதல் 1938 வரை அரசே எழுத்தாளர்களை அனுப்பி, முன்னாள் அடிமைகள் 2,300-க்கும் மேற்பட்டோரின் வாய்மொழியைப் பதிவுசெய்தது. கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் ஆதலால் முதியவர்கள் சில செய்திகளைச் சொல்லத் தயங்கியிருக்கலாம். அப்படியிருந்தும் அப்பதிவுகள் இல்லையேல் அக்குரல்கள் மண்ணோடு போயிருக்கும்.

நம் சிற்றூர்களிலும் பிள்ளைப்பேறு பார்த்த முதிய மருத்துவச்சிகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். பேறுகாலத்தில் மகளை இழந்த தாய்மார் இருக்கிறார்கள். இலக்கியக் கூட்டத்திற்கு நூலாசிரியரை அழைக்கும் நாம், அடுத்த முறை இவர்களில் ஒருவரையும் அழைத்து முன்வரிசையில் அமர்த்திப் பேசக் கேட்போம். பேச்சு முடிந்ததும், இறந்தவளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வோம். திண்டிவனத்து மூவருக்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியேனும் அவ்வாறு தீரட்டும்.