பெட்டிக்குள் இருப்பதற்கே தனி விலை

போலீஸ், தீயணைப்பு, ரயில்வே வயர்லெஸ் பேச்சுகளைக் கேட்கும் அமெரிக்கப் பொழுதுபோக்காளர்களிடம் யூனிடென் எஸ்டிஎஸ்100 ஸ்கேனருக்கு நல்ல பெயர். பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் ஒலிபரப்பும் 'சைமல்காஸ்ட்' பகுதிகளில் மற்ற பெரும்பாலான ஸ்கேனர்கள் திணறும். இது தெளிவாகப் பேசும். அலைகளை வாங்கும் திறனில் குறையில்லை.

விலையில்தான் குறை. ஏறக்குறைய 700 டாலர் கொடுத்த பிறகும் டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன், புரோவாய்ஸ் ஆகிய மூன்று டிஜிட்டல் முறைகள் பூட்டியே இருக்கும். திறக்க ஒவ்வொன்றுக்கும் 50, 60 டாலர். புதிய உதிரிபாகம் எதுவும் வராது. ஸ்கேனரின் வரிசை எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால் ஒரு குறியீடு வரும். அதைத் தட்டியதும், அதுவரை ஊமையாக இருந்த சேனலில் ஓட்டல் ஊழியர்கள் மூன்றாம் மாடிக்குத் துண்டு கேட்பது காதில் விழுகிறது. அந்தக் குறியீடு வேறொரு ஸ்கேனரில் செல்லாது.

ஏன் இப்படி? டிஎம்ஆரிலும் என்எக்ஸ்டிஎன்னிலும் குரலைச் சுருக்கி விரிக்கும் ஏம்பி+2 என்ற தொழில்நுட்பம் அமெரிக்காவின் டிவிஎஸ்ஐ நிறுவனத்துடையது. அதற்கு உரிமத்தொகை உண்டு. எல்லாருக்கும் தேவைப்படாத வசதியின் செலவை எல்லார் தலையிலும் கட்டாமல், வேண்டுபவரிடம் மட்டும் வாங்குவது நியாயம்தான். ஆனால் இந்த வாதம் பாதி தூரம்தான் போகிறது. காவல்துறைகள் பயன்படுத்தும் பி25 என்ற டிஜிட்டல் முறையின் இரண்டாம் கட்டமும் இதே ஏம்பி+2 கொண்டுதான் இயங்குகிறது. அது பெட்டி விலையிலேயே அடக்கம். டிஎம்ஆருக்குத் தேவையான குரல் பகுதி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்றால், அந்த 60 டாலரில் உரிமத்தொகை எவ்வளவு, லாபம் எவ்வளவு? போட்டியாளரான விஸ்லர், டிஆர்எக்ஸ்-1 ஸ்கேனரில் டிஎம்ஆரைக் கூடுதல் கட்டணமின்றித் தந்தது. ஆகவே இது தொழில்நுட்பக் கட்டாயமல்ல, வியாபார முடிவு என்றே நான் நினைக்கிறேன். அடிப்படை விலையைக் குறைவாகக் காட்டவும் இது உதவுகிறது.

கணினியும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற மலிவான யூஎஸ்பி ரேடியோ டாங்கிளும் இருந்தால், இலவச மென்பொருளிலேயே டிஎம்ஆர் கேட்கலாம். கையில் எடுத்துச் செல்லும் வசதிதான் கிடைக்காது.

பணம் கட்டுமுன் உங்கள் ஊர் வயர்லெஸ் உரிமங்களை, அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தளத்தில் பாருங்கள். அங்கே 7கே60 என்று தொடங்கும் ஒலிபரப்பு வகைக் குறியீடு பெரும்பாலும் டிஎம்ஆர். 4கே00 என்றால் என்எக்ஸ்டிஎன். மறையாக்கம் செய்த பேச்சு எவ்வளவு கட்டினாலும் திறக்காது. புரோவாய்ஸ் பழைய முறை. உங்கள் பகுதியில் இன்னும் ஓடுகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே வாங்குங்கள். பெரும்பாலோருக்கு டிஎம்ஆர் ஒன்றே போதும்.